கடல் கடந்து சோதனை செய்த டாக்டர்

ஆபரேஷன் நன்றாக முடியும். ஆனால் சில நாளில் புண் சீழ் பிடித்து, நோயாளி இறந்துபோவார். 1860-ம் ஆண்டு வாக்கில் ஐரோப்பிய ஆஸ்பத்திரிகளில் இது அன்றாடக் காட்சி. அதை மாற்றிக் காட்டியவர் டாக்டர் ஜோசப் லிஸ்டர்.

அவர் 1827-ல் இங்கிலாந்தில் பிறந்தார். கிருமிகளே புண்ணைக் கெடுக்கின்றன என்று நம்பினார்.

பிழைத்த சிறுவன்

1865-ல் கிளாஸ்கோ நகரில் 11 வயதுச் சிறுவன் காலில் வண்டிச் சக்கரம் ஏறிவிட்டது. எலும்பு முறிந்து காயம் திறந்து கிடந்தது. இப்படிப்பட்ட காலை வெட்டி எடுப்பதே அந்நாள் வழக்கம். லிஸ்டர் வெட்டவில்லை. கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் கட்டுப் போட்டார். ஆறு வாரத்தில் எலும்பு கூடியது!

கன்றுக்குட்டி

ரத்தக் குழாயைக் கட்ட நல்ல நூல் வேண்டுமே! ஆட்டுக் குடலில் செய்த நூலால் ஒரு கன்றுக்குட்டியின் கழுத்து ரத்தக் குழாயைக் கட்டினார். ஒரு மாதம் சென்றபின் கன்று கொல்லப்பட்டது. நூல் இருந்த இடத்தில் புதுத் திசு வளர்ந்திருந்தது. அந்த நூல் பிறகு பல மனித உயிர்களைக் காத்தது.

மகாராணிக்கு மறுப்பு

1871-ல் விக்டோரியா மகாராணியின் அக்குளில் வந்த கட்டியைக் கீறிக் குணப்படுத்தியவரும் லிஸ்டரே. மகாராணிக்குப் பிராணிகள் மீது இரக்கம் அதிகம். மிருகச் சோதனையைக் கண்டிக்கும்படி 1875-ல் அவரிடம் கேட்டார். லிஸ்டர் பணிவோடு மறுத்துவிட்டார். சோதனை இல்லாமல் வைத்தியம் வளராது என்பது அவர் எண்ணம்.

மறு ஆண்டே சட்டம் வந்தது. மிருகங்களைச் சோதிக்க லைசென்ஸ் வேண்டும் என்றது அது. லிஸ்டருக்கு அது பெரும் தொல்லையாக இருந்தது. என்ன செய்தார்? கடல் கடந்து பிரான்சுக்குப் போனார். துலூஸ் நகரக் கால்நடை வைத்தியக் கல்லூரியில், பெரிய மிருகங்களை வைத்துச் சோதனையை நடத்தினார்.

சோதனை நிற்கவில்லை. இடம்தான் மாறியது.

1912-ல் லிஸ்டர் காலமானார். அவரால் பிழைத்தவர்களுக்குக் கணக்கில்லை. ஆனால் அவர் போன வழியில் இன்று பெரிய கம்பெனிகளும் போகின்றன. உள்நாட்டில் செலவும் கட்டுப்பாடும் அதிகம் என்றால், மிருகச் சோதனையை வேறு நாட்டுக் கூடத்துக்கு அனுப்பிவிடுகின்றன.

ஒரு நாட்டின் சட்டம் அதன் எல்லையோடு நின்றுவிடுகிறது. எல்லைக்கு அப்பால் இருக்கும் கன்றுக்கும் வலிக்கும் அல்லவா? அதற்கும் சேர்த்துச் சட்டம் செய்வது யார்?