பனிமேல் வைத்த துணித்துண்டுகள்: பெஞ்சமின் பிராங்ளின் (1706 - 1790)

நீங்கள் பாடசாலைக்கு அணியும் வெள்ளைச் சீருடையையும் ஒரு கறுப்புத் துணியையும் அரை மணி நேரம் வெயிலில் விட்டுத் தொட்டுப் பாருங்கள். கறுப்புத் துணியே கூடுதலாகச் சுடும். பலரும் அறிந்த இவ்விடயத்தை ஒழுங்கான பரிசோதனையாகச் செய்து, அதன் பயனையும் எடுத்துக்காட்டிய ஒருவரின் வாழ்க்கையை இங்கு நோக்குவோம்.

இளமைக்காலம்

பெஞ்சமின் பிராங்ளின் 1706 ஆம் ஆண்டு ஜனவரி 17 ஆம் திகதி வட அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பிறந்தார். அக்காலத்தில் அப்பிரதேசம் பிரித்தானியரின் குடியேற்றமாக இருந்தது. தந்தையார் சவர்க்காரமும் மெழுகுதிரியும் செய்து விற்பவர். அவருக்குப் பதினேழு பிள்ளைகள். எனவே பிராங்ளினின் படிப்பு இரண்டு ஆண்டுகளுடன், பத்து வயதில் நின்றுவிட்டது. படித்த அந்தக் காலத்திலும் கணக்குப் பாடத்தில் அவர் தேறவில்லை.

12 வயதில் தமையனார் ஜேம்ஸின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். புத்தகக் கடைகளில் வேலை செய்த பையன்களிடம் மாலையில் புத்தகம் இரவல் வாங்கி, இரவிரவாக வாசித்து, விடிந்ததும் திருப்பிக் கொடுப்பார். சாப்பாட்டுச் செலவைக் குறைத்து மிச்சம் பிடித்த காசிலும் புத்தகமே வாங்கினார். முன்பு தோற்ற கணக்கை 16 வயதளவில் ஒரு நூலின் துணையுடன் தாமாகவே கற்றுத் தேறினார். கணிதம் என்றாலே அஞ்சும் மாணவர்கள் இதனை மனதிற் கொள்ளுங்கள்.

தமையனாருடன் ஏற்பட்ட பிணக்கினால் 1723 இல் பொஸ்டனை விட்டு வெளியேறி, பிலடெல்பியா நகரை அடைந்தார். அங்கு அச்சுத்தொழிலில் முன்னேறினார். 1731 இல் நண்பர்களுடன் சேர்ந்து நூலகமொன்றை நிறுவினார். மின்னல் ஒரு மின் நிகழ்வே என்பதை ஆராய்ந்து, இடிதாங்கியை அறிமுகப்படுத்தினார். மின்னியல் ஆய்வுகளுக்காக 1753 இல் இலண்டன் றோயல் கழகத்தின் கொப்ளி பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

துணித்துண்டுப் பரிசோதனை

இலண்டனில் அவர் தங்கியிருந்த வீட்டு உரிமையாளரின் மகள் மேரி ஸ்டீவன்சன். இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்குத் திறக்கப்படாத காலம் அது. விஞ்ஞானத்தில் ஆர்வம் கொண்டிருந்த அவருக்குப் பிராங்ளின் கடிதங்கள் மூலமே பாடம் சொல்லிக் கொடுத்தார். 1761 செப்டெம்பரில் எழுதிய கடிதத்தில் இப்பரிசோதனையை விளக்கியுள்ளார்.

தையற்காரரிடமிருந்து கறுப்பு, கடும் நீலம், இளநீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள், வெள்ளை முதலிய நிறங்களில் சிறு துணித்துண்டுகளைப் பெற்றார். நல்ல வெயிலுள்ள ஒரு காலையில் அவற்றை வெண்பனியின் மேல் பரப்பினார். சில மணி நேரத்தில் கறுப்புத் துண்டு பனியை உருக்கிக்கொண்டு ஆழமாக இறங்கிவிட்டது. கடும் நீலம் ஏறத்தாழ அதேயளவு இறங்கியது. நிறம் வெளிறியதாக இருக்க இருக்க, இறங்கிய ஆழமும் குறைந்தது. வெள்ளைத் துண்டு மேற்பரப்பிலேயே கிடந்தது.

காரணம் யாது? கறுப்பு நிறம் தன்மீது விழும் ஒளியில் பெரும்பகுதியை உறிஞ்சி வெப்பமாகிறது. வெள்ளை நிறம் பெரும்பகுதியைத் தெறிக்கச் செய்கிறது.

பயன்படாத அறிவினால் என்ன பலன் என்று எண்ணியவர் பிராங்ளின். ஆகவே வெப்ப நாடுகளில் வெயிலில் உழைக்கும் போர்வீரருக்கும் மாலுமிகளுக்கும் வெள்ளை உடையே ஏற்றது எனக் கூறினார்.

கண்டதை ஏற்றல்

இவரது வாழ்வில் ஒரு பெருங்குறையும் உண்டு. தோலின் நிறத்தைக் காட்டி மனிதரை அடிமையாக்கிய அக்காலத்தில், இவர் வீட்டிலும் அடிமைகள் இருந்தனர். 1763 இல் பிலடெல்பியாவில் கறுப்பினப் பிள்ளைகளின் பாடசாலையொன்றைப் பார்வையிட்டார். விளங்கும் ஆற்றலிலும் நினைவாற்றலிலும் அவர்கள் எவருக்கும் குறைந்தவர்களல்லர் என்பதைக் கண்டு, தமது பழைய எண்ணம் பிழையென எழுத்தில் ஒப்புக்கொண்டார். ஆயினும் தம் அடிமைகளை உடனே விடுவிக்கவில்லை. உண்மையைக் காண்பது ஒன்று, அதன்படி நடப்பது வேறொன்று.

1776 இல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்களுள் இவரும் ஒருவர். 1787 இல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். அடிமை முறையை நீக்கக் கோரி 1790 பெப்ரவரியில் காங்கிரஸ் சபைக்கு மனு அனுப்பினார். அது ஏற்கப்படவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் 17 ஆம் திகதி, தமது 84 ஆவது வயதில் காலமானார்.

செய்து பார்ப்போம்

எம்மிடம் வெண்பனி இல்லை. ஒரே அளவான இரு தகரப் பேணிகளில் ஒன்றுக்குக் கறுப்பும் மற்றதற்கு வெள்ளையும் பூசுங்கள். சம அளவு நீர் ஊற்றி மூடி, ஒரே இடத்தில் வெயிலில் வையுங்கள். 10 நிமிடங்களுக்கு ஒருமுறை வெப்பமானியால் அளந்து அட்டவணைப்படுத்துங்கள். எதிர்பார்த்த விடை வராவிட்டால் எண்ணை மாற்றாதீர்கள். எங்கே பிழை நேர்ந்தது எனத் தேடுங்கள். பிராங்ளினிடமிருந்து நாம் கற்கவேண்டிய முதற் பாடம் அதுவே.