கிருமியைக் காட்டிய மருத்துவர்

இராபர்ட் கோக் 1843-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் ஜெர்மனியிலுள்ள கிளவ்ஸ்தால் என்னும் சுரங்க நகரில் பிறந்தார். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற அவர், பின்னர் வோல்ஸ்டைன் என்னும் சிற்றூரில் அரசு மருத்துவராகப் பணியாற்றினார். அங்கு அவருக்கெனத் தனி ஆய்வுக்கூடம் இல்லை. நோயாளிகளைப் பார்க்கும் அறையின் ஒரு பகுதியையே ஆய்வுக்கூடமாக மாற்றிக்கொண்டார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் நுண்ணோக்கியின் முன் அமர்ந்தார். ஆடுமாடுகளைக் கொல்லும் அடைப்பான் நோய்க் கிருமியின் வாழ்க்கைச் சுழற்சியைக் கண்டறிந்து, 1876-இல் வெளியிட்டார்.

ஆயினும், கிருமிகளை ஆராய்வது எளிதாக இல்லை. அவை மிகச் சிறியவை, பெரும்பாலும் நிறமற்றவை. உடல் திசுக்களின் நடுவே அவற்றைப் பிரித்தறிவது கடினம். மேலும், அக்கால ஆய்வாளர்கள் தாங்கள் கண்டதைக் கையால் வரைந்தே பிறருக்குக் காட்டினர். ஒருவர் வரைந்த படம் மற்றவர் வரைந்ததிலிருந்து வேறுபட்டது. இதனால் கருத்து வேறுபாடுகள் எழுந்தன.

இச்சிக்கல்களை ஒரே ஒரு முறையால் தீர்க்க இயலாது என்பதைக் கோக் உணர்ந்தார். எனவே, பல முறைகளை ஒன்றிணைத்தார். கிருமிகளுக்குச் சாயமேற்றினார். ஏர்ன்ஸ்ட் அபே வடிவமைத்த ஒளிக்குவிப்பியைக் கொண்டு ஆய்வுப்பொருளின் மீது மிகுந்த ஒளியைப் பாய்ச்சினார். கண்ணாடித் தகட்டுக்கும் வில்லைக்கும் இடையே ஒரு துளி எண்ணெய் இட்டார். அதனால், ஒளி காற்றில் விலகிப் போகாமல் வில்லையை அடைந்தது. உருவமும் தெளிவாகத் தெரிந்தது. தாம் கண்டதைப் பிறரும் நம்பும்படி நுண்ணோக்கி வழியே நிழற்படமும் எடுத்தார்.

அக்காலத்தில் காசநோய் மக்களை வாட்டி வதைத்தது. இறப்பவர்களுள் ஏழில் ஒருவர் அந்நோயால் மாண்டதாகக் கோக் குறிப்பிட்டார். 1881-இல் அதன் காரணத்தைத் தேடத் தொடங்கினார். திசுக்களை நீலச் சாயத்தில் நெடுநேரம் ஊறவைத்து, பின்னர்ப் பழுப்புச் சாயம் சேர்த்தார். திசுக்கள் பழுப்பாக மாறின. மெல்லிய கோல் போன்ற கிருமிகள் மட்டும் நீலமாகவே நின்றன. ஆனால், கண்டதோடு அவர் நிறைவடையவில்லை. அக்கிருமியைத் தனியே வளர்த்து, விலங்குகளுக்குச் செலுத்தி, அதுவே நோய்க்குக் காரணம் என்பதை உறுதிப்படுத்தினார். 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் பெர்லினில் இதனை அறிவித்தார். அந்நாளே இன்று உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

அவரது எல்லா முயற்சிகளும் வெற்றி பெறவில்லை. 1890-இல் அவர் அறிவித்த ‘டியூபர்குலின்’ என்னும் மருந்து காசநோயைக் குணப்படுத்தவில்லை. போதிய சான்றின்றி வந்த அவ்வறிவிப்பு, நம்பிக்கையோடு திரண்ட நோயாளிகளை ஏமாற்றமடையச் செய்தது. எனினும், அது பிற்காலத்தில் நோயைக் கண்டறியும் சோதனைக்குப் பயன்பட்டது.

1905-இல் நோபல் பரிசு பெற்ற கோக், 1910-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் மறைந்தார். இன்றைய ஆய்வாளர்கள் ஒரே உயிரணுவை ஒளிரும் சாயமேற்றி ஒளி நுண்ணோக்கியிலும், பின்னர் மின்னணு நுண்ணோக்கியிலும் பார்க்கின்றனர். ஒரு கருவி காட்டாததை மற்றொன்று காட்டுகிறது. கருவிகள் மாறினாலும், பல முறைகளை இணைத்து உண்மையைத் தேடும் அவரது வழி இன்றும் தொடர்கிறது.