மொழியறிஞர் கிளெம்பரர்

செருமனி நாட்டில், யூத சமய குரு ஒருவரின் மைந்தராக 1881-ஆம் ஆண்டு பிறந்தவர் விக்டர் கிளெம்பரர். இவர் கிறித்தவ நெறியைத் தழுவியவர். முதல் உலகப் போரில் தம் நாட்டுக்காகப் படைக்கலம் ஏந்தியவர். 1920 முதல் டிரெஸ்டன் நகரின் உயர் கல்விக் கழகத்தில் பிரெஞ்சு முதலிய மொழிகளின் இலக்கியங்களைக் கற்பித்து வந்தார். இவர்தம் துணைவியார் எவா இசை வல்லவர், யூதரல்லர்.

1933-இல் இட்லரின் நாஜிக் கட்சி அரசுகட்டில் ஏறியது. நாட்டைக் கைக்கொண்டதோடு அமையாது, மக்களின் நாவையும் கைக்கொள்ள அவர்கள் விழைந்தனர். செய்தித்தாள்கள் எச்சொல்லை வழங்கலாம், எதனை விலக்கவேண்டும் என்று பரப்புரை அமைச்சகத்தினின்று ஆணைகள் பிறந்தன. தொலைபேசியில் எழுத்துகளைத் தெளிவுறுத்த வழங்கிய தாவீது, சாமுவேல் என்னும் பெயர்கள் யூதப் பெயர்கள் என்று 1934-இல் நீக்கப்பட்டன. எழுத்துக்கு ஒரு பெயர் சொல்வதிலும் பகை புகுந்தது என்னே! யூத ஆடவர் இசுரேல் என்றும், மகளிர் சாரா என்றும் தம் பெயரோடு சேர்த்துக்கொள்ளுமாறு 1938-இல் ஆணை பிறந்தது.

1935-இல் கிளெம்பரர் பதவி இழந்தார். பின்னர் நூலகக் கதவும் அவருக்கு அடைபட்டது. தட்டச்சுப் பொறியும் பறிபோயிற்று. கற்க நூலில்லாத அறிஞர், தம்மைச் சூழ ஒலித்த சொற்களையே நூலாகக் கொண்டார். வெறி என்னும் பழிச்சொல் புகழ்ச்சொல்லாக மாறியதையும், கொடுஞ்செயல்கள் மென்சொற்களுள் மறைந்ததையும் நாட்குறிப்பில் பதிந்தார். ஆட்சியை வெறுத்தவர் வாயிலும், துன்புற்ற யூதர் வாயிலுங்கூட அச்சொற்களே வருதல் கண்டு திடுக்கிட்டார். மறுப்பவனும் அறியாமல் நஞ்சை உண்ணுகின்றான் என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

காவலர் அடிக்கடி வீடு புகுந்து சோதித்தனர். ஓர் ஏடு அகப்பட்டாலும் உயிர் தப்பாது. ஆதலின் எழுதிய தாள்களை எவா அம்மையார் அவ்வப்போது பீர்னா என்னும் ஊருக்கு எடுத்துச் சென்று, மருத்துவத் தோழி ஒருவரிடம் சேர்த்தார். பிடிபட்டிருப்பின் மூவரும் மாண்டிருப்பர். அம்மையாரின் துணிவு இல்லையேல் அந்நூல் இல்லை.

1945 பிப்பிரவரி 13-ஆம் நாள், நகரில் எஞ்சிய யூதர் பலரை நாடு கடத்தும் அறிவிப்பை வீடுதோறும் கொடுக்கும் கொடிய பணி கிளெம்பரர் மீது சுமத்தப்பட்டது. அன்றிரவே வானூர்திகள் குண்டு பொழிய, நகரம் தீப்பற்றியது. அக்குழப்பத்தில், கணவரின் சட்டையில் யூதர்க்கெனத் தைக்கப்பட்டிருந்த மஞ்சள் விண்மீனை எவா அறுத்தெறிந்தார். இருவரும் தப்பினர்.

மறைத்த ஏடுகளைக்கொண்டு நாஜியர் மொழியை ஆராய்ந்த நூலை அவர் 1947-இல் வெளியிட்டார். போருக்குப்பின் அமைந்த கிழக்குச் செருமனியின் பொதுவுடைமை ஆட்சியை அவர் ஆதரித்தார். எனினும் அதன் மொழியிலும் பழைய சாயலைக் கண்டு, தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1960-இல் டிரெஸ்டனில் மறைந்தார். நாஜி ஆட்சிக்கால நாட்குறிப்புகள் அச்சேறியது 1995-இல்.