அலன் டூரிங்

அலன் மாதிசன் டூரிங் (ஜூன் 23, 1912 - ஜூன் 7, 1954) இங்கிலாந்தைச் சேர்ந்த கணிதவியலாளரும் ஏரணவியலாளரும் கணினி அறிவியலின் முன்னோடியும் ஆவார். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரின் எனிக்மா மறையீட்டை உடைத்ததில் ஆற்றிய பங்கிற்காகவும் டூரிங் சோதனைக்காகவும் இவர் பரவலாக அறியப்படுகிறார். மனிதரை விஞ்சும் அறிவுடைய பொறிகள் தோன்றினால் கட்டுப்பாடு அவற்றின் கைக்குப் போய்விடக்கூடும் என்று, உலகில் கணினிகள் மிகச் சிலவே இருந்த 1951 ஆம் ஆண்டிலேயே இவர் கூறியது அந்த அளவுக்கு அறியப்படவில்லை.

குடும்பமும் தமிழகத் தொடர்பும்

இவரது தாய் எத்தெல் சாரா ஸ்டோனி 1881 இல் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் எட்வர்ட் வாலர் ஸ்டோனி சென்னை இரயில்வேயின் தலைமைப் பொறியாளராக இருந்தார். தந்தை ஜூலியஸ் டூரிங் இந்தியக் குடிமைப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்தில் பணிபுரிந்தார். அண்ணன் ஜான் 1908 இல் குன்னூரில் பிறந்தார். அலன் பிறந்தது இலண்டனில். தந்தையின் பணி இந்தியாவில் இருந்ததால், சிறுவர் இருவரும் இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவரின் இல்லத்தில் விடப்பட்டு வளர்ந்தனர்.

டூரிங் பொறி

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் பயின்ற டூரிங், 1936 இல் எழுதிய கட்டுரையில், நாடாவில் உள்ள குறியீடுகளைப் படித்தும் எழுதியும் இயங்கும் கற்பனைப் பொறி ஒன்றை விவரித்தார். தகுந்த நிரலைக் கொடுத்தால் ஒரே பொறி, அவ்வகைப் பிற பொறிகள் அனைத்தின் வேலையையும் செய்யும் என்றும் காட்டினார். இன்றைய கணினியின் அடிப்படை இதுவே.

இக்கட்டுரைக்கு மற்றொரு முகமும் உண்டு. ஒரு பொறி குறிப்பிட்ட ஒரு குறியீட்டை என்றாவது அச்சிடுமா என்பதை, எல்லாப் பொறிகளுக்கும் தீர்மானித்துச் சொல்லும் பொதுவான வழிமுறை இருக்க இயலாது என்று அதில் நிறுவினார். எந்த நிரலையும் ஆராய்ந்தறிய முடியாது என்பது இதன் பொருளன்று. எல்லா நிரல்களுக்கும் செல்லுபடியாகும் ஒரே சோதனை கிடையாது என்பதே பொருள்.

போர்க்காலப் பணி

1939 செப்டம்பரில் பிளெட்ச்லி பூங்காவில் சேர்ந்தார். போலந்துக் கணிதவியலாளர்கள் முன்னரே செய்திருந்த பணியைத் தொடர்ந்து, எனிக்மா அமைப்புகளைக் கண்டறியும் மின்பொறிக் கருவியை வடிவமைத்தார். இப்பணி 1970கள் வரை இரகசியமாகவே இருந்தது.

சிந்திக்கும் பொறிகள்

போருக்குப் பின் தேசிய இயற்பியல் ஆய்வகத்திலும், 1948 முதல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். 1947 இல் இலண்டன் கணிதக் கழகத்தில் ஆற்றிய உரையில், தவறே செய்யாத பொறி அறிவுள்ளதாகவும் இருக்க முடியாது என வாதிட்டார். நிரல் எழுதுவோரின் வேலையையும் காலப்போக்கில் பொறிகளே எடுத்துக்கொள்ளக்கூடும் என அவ்வுரையிலேயே குறிப்பிட்டது நிரலாளர்களுக்குச் சுவையான செய்தி.

1950 இல் மைண்ட் இதழில் வெளிவந்த புகழ்பெற்ற கட்டுரை பெரும்பாலும் டூரிங் சோதனைக்காகவே மேற்கோள் காட்டப்படுகிறது. அதன் இறுதிப் பகுதியே இன்று கூடுதலாகப் படிக்கத் தக்கது. வளர்ந்த மனித மனத்தைப் போலச் செய்வதற்குப் பதில், குழந்தை மனத்தைப் போன்ற எளிய பொறி ஒன்றைச் செய்து அதற்குக் கற்பிக்கலாம் என்றார். அத்தகைய பொறியின் உள்ளே நடப்பது அதன் ஆசிரியருக்கே பெரும்பாலும் தெரியாது என்பதையும் சுட்டினார். இன்றைய நரம்பியல் வலையமைப்புகளை உருவாக்குவோர் எதிர்கொள்ளும் சிக்கல் ஏறத்தாழ இதுவே.

1951 மே மாதம் பிபிசி வானொலியில் பேசியபோது, பொறி சிந்திக்குமாயின் மனிதரை விட நன்றாகவே சிந்திக்கக்கூடும் என்றார். மின்சாரத்தை உரிய நேரத்தில் நிறுத்தி அதனை அடக்கி வைக்க முடிந்தாலும், மனித இனம் சிறுமை உணர்வு அடையும் என்பது அவர் கருத்து. அதே ஆண்டு மான்செஸ்டரில் நிகழ்த்திய உரையில் ஒரு படி மேலே சென்றார். பொறிகள் தமக்குள் உரையாடி அறிவைக் கூர்மையாக்கிக்கொள்ளும் எனவும், ஒரு கட்டத்தில் அவை கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளும் என எதிர்பார்க்க வேண்டும் எனவும் கூறினார். இதற்குச் சாமுவேல் பட்லரின் எர்வோன் (1872) புதினத்தை எடுத்துக்காட்டினார். பொறிகள் தங்களை மிஞ்சிவிடும் என அஞ்சி அவற்றை அழித்துவிட்ட ஒரு நாட்டின் கதை அது.

டூரிங் பொறிகளின் எதிர்ப்பாளர் அல்லர். தடை எதையும் அவர் கோரவில்லை. எனினும் மின்சாரத்தை நிறுத்தும் வழி அவர் காலத்தில் எளிதாக இருந்தது. மான்செஸ்டர் கணினியை நிறுத்தினால் ஒரு கணக்கு பாதியில் நிற்கும், அவ்வளவே. மின்வழங்கலும் வங்கியும் மருத்துவமனையும் ஒரு பொறியின் முடிவுகளை நம்பி இயங்கத் தொடங்கிவிட்டால், அதனை நிறுத்துவது அவற்றையும் நிறுத்துவதாகும்.

வழக்கும் இறப்பும்

தற்பால் உறவு அப்போது பிரித்தானியாவில் குற்றமாக இருந்தது. 1952 இல் அதற்காகத் தண்டிக்கப்பட்ட டூரிங், சிறைக்கு மாற்றாக இயக்குநீர் சிகிச்சையை ஏற்க நேர்ந்தது. 1954 இல் சயனைடு நச்சினால் இறந்தார். விசாரணையில் தற்கொலை என முடிவு செய்யப்பட்டது. தாயார் அதை விபத்து என்றே கருதினார். 2009 இல் பிரித்தானியப் பிரதமர் மன்னிப்புக் கோரினார். 2013 இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது.

பின்னாளில்

பிளெட்ச்லியில் டூரிங்குடன் பணிபுரிந்த ஐ. ஜே. குட், 1965 இல் இக்கருத்தை விரிவாக்கினார். மீயறிவுப் பொறி தன்னினும் சிறந்த பொறிகளை வடிவமைக்கும் என்பதால், அது அடக்கமாக நடந்துகொள்ளும் பட்சத்தில், மனிதர் செய்ய வேண்டிய கடைசிக் கண்டுபிடிப்பு அதுவே என்றார்.

டூரிங் பெயரிலான விருது 1966 முதல் வழங்கப்படுகிறது. சென்னை கிண்டி பொறியியற் கல்லூரியில் பயின்ற ராஜ் ரெட்டி 1994 இல் இதனைப் பகிர்ந்து பெற்றார். 2018 ஆம் ஆண்டுக்கான விருதைப் பெற்ற மூவருள் ஜெப்ரி ஹின்டன், யோசுவா பென்ஜியோ ஆகிய இருவரும் 2023 இல் இதே ஆபத்தைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தனர். மூன்றாமவரான யான் லெகுன் அவ்வச்சம் மிகைப்படுத்தப்பட்டது என மறுத்தார்.