அடிமைகளின் வேலைநிறுத்தம்

ஆபிரகாம் லிங்கன் அடிமைகளை விடுவித்தார் என்று பள்ளியில் படித்தோம். நானும் அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவன்தான். அடிமைகள் தம் விடுதலையைத் தாமே தேடிக்கொண்டனர் என்று ஓர் அறிஞர் எழுதியிருப்பதை இவ்வாண்டுதான் அறிந்தேன். அவர் டு பாய்ஸ்.

1868-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். பெர்லினில் பயின்று, 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கு அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் இவரே. 1910 முதல் 24 ஆண்டுகள் 'கிரைசிஸ்' இதழின் ஆசிரியர். பட்டமும் பதவியும் பலருக்குக் கிட்டுகின்றன. என்னைக் கவர்ந்தது அவர் தம் 67-ஆம் வயதில், 1935-இல், வெளியிட்ட நூல். அமெரிக்க உள்நாட்டுப் போரையும் அதன் பின் வந்த மறுசீரமைப்புக் காலத்தையும் எழுநூறு பக்கங்களுக்கு மேல் ஆராய்வது அது.

அதை எழுதுமுன் கார்ல் மார்க்சை ஊன்றிப் படித்திருந்தார். தொழிலாளி என்றால் ஆலையில் கூலிக்கு உழைப்பவனையே மார்க்சியர் முதலில் எண்ணினர். பருத்திக்காட்டில் கூலியின்றி மாண்ட அடிமையை டு பாய்ஸ் முன்னே நிறுத்தினார். லங்காஷயர் தறிகள் ஓடியது அவன் பறித்த பஞ்சில் அல்லவா! 1861-இல் போர் மூண்டதும் இலட்சக்கணக்கான அடிமைகள் தோட்டங்களைத் துறந்து வடமாநிலப் படையை நாடினர். ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தார் அப்படையில் போர்வீரராயினர். இதற்குப் பொது வேலைநிறுத்தம் என்றே அவர் பெயரிட்டார்.

அடுத்த கேள்வி கசப்பானது. வறிய வெள்ளைத் தொழிலாளி ஏன் இவர்களோடு கைகோக்கவில்லை? வர்க்கம் ஒன்றானால் நலனும் ஒன்று என்பது மார்க்சிய வாய்பாடு. டு பாய்ஸ் கண்டது வேறு. கூலி குறைந்தாலும், தோலின் பேரால் அவனுக்கு மரியாதையும் வாக்கும் நல்ல பள்ளியும் கிடைத்தன. அதுவும் ஒருவகைக் கூலியே. சாதியை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1946-இல் டாக்டர் அம்பேத்கர் இவருக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பினத்தார் அளித்த மனுவின் படியைக் கேட்டிருக்கிறார்.

இப்படி எழுதியவர் 1961-இல், 93 வயதில், கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார்! முரண்பாடு என்கிறார் என் அறை நண்பர். ஆனால் அமைதி இயக்கத்தில் ஈடுபட்டதற்காக 1951-இல் அரசு அவரை அந்நிய நாட்டின் கையாளென்று குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. வழக்கில் விடுதலையான பின்னும் 1958 வரை வெளிநாடு செல்ல விடவில்லை. அவரைக் கட்சிக்கு அழைத்துச் சென்றது கொள்கை மட்டுமன்று என்பதே என் எண்ணம்.

அதே ஆண்டு கானா நாட்டில் குடியேறினார். 1963 ஆகஸ்டு 27-ஆம் நாள் அக்ரா நகரில் மறைந்தார். மறுநாள் சம உரிமை கேட்டு வாஷிங்டனில் திரண்டிருந்த இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு, லிங்கன் நினைவகத்தின் படிகளிலிருந்து அச்செய்தி அறிவிக்கப்பட்டது.