கச்சை கிழித்த பிறகு எழுபது வருடங்கள்

அஸ்மா பின்த் அபூபக்ர் (ரழி) அவர்களின் சரிதையை எங்களில் அநேகமானோர் ஸவ்ர் குகையோடு நிறுத்திவிடுகிறோம். நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரழி) அவர்களும் ஹிஜ்ரத் புறப்பட்டபோது, வழியுணவைக் கட்ட ஒன்றும் கிடைக்காமல் தமது இடுப்புக் கச்சையை இரண்டாகக் கிழித்துக் கொடுத்தவர் என்பது சிறு வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அப்போது அவர் வயிற்றில் பிள்ளையோடு இருந்ததும், அதற்குப் பின் சுமார் எழுபது வருடங்கள் வாழ்ந்ததும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

வாப்பா போகும்போது வீட்டிலிருந்த ஐயாயிரம் அல்லது ஆறாயிரம் திர்ஹம்களையும் எடுத்துச் சென்றுவிட்டார். பார்வையிழந்த முதியவரான வாப்பாவின் வாப்பா அபூகுஹாபா அப்போது இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. பேரப்பிள்ளைகள் வெறுங்கையோடு விடப்பட்டார்களோ என்று பதறி வந்தார். பணம் வைக்கும் மாடத்தில் அஸ்மா கற்களை அடுக்கித் துணியால் மூடி, முதியவரின் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார். அவரும் மனம் ஆறிப் போனார். வீட்டில் ஒரு காசுகூட இருக்கவில்லை.

மதீனாவுக்கு வந்து குபாவில் மகன் அப்துல்லாஹ்வைப் பெற்றார். ஹிஜ்ரத் செய்தவர்களுக்கு மதீனாவில் பிறந்த முதற் குழந்தை அது. பிள்ளையில்லாத தங்கை ஆயிஷா (ரழி) அவர்கள் உம்மு அப்துல்லாஹ் என அழைக்கப்பட்டது இந்தப் பிள்ளையின் பெயரால்தான்.

கணவர் ஸுபைர் (ரழி) அவர்களிடம் அப்போது ஒரு குதிரையும் தண்ணீர் சுமக்கும் ஓர் ஒட்டகமும் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. குதிரைக்குத் தீனி போடுவதும், தண்ணீர் அள்ளுவதும், மாப் பிசைவதும் அஸ்மாவின் வேலை. ரொட்டி சுட அவருக்குச் சரியாக வராது. அயலிலிருந்த அன்ஸாரிப் பெண்கள் சுட்டுக் கொடுத்தார்கள். மூன்று கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்திலுள்ள தோட்டத்திலிருந்து ஈத்தங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வருவார். வாப்பா ஒரு பணியாளை அனுப்பிக் குதிரை வேலை குறைந்தபோது, தமக்கு விடுதலையே கிடைத்தது போல் உணர்ந்தார்.

ரொட்டி சுட வராது என்பது வரையில் எங்களுக்கு எப்படித் தெரிந்தது? அவரே தம் மகன் உர்வாவிடம் சொன்னார். உர்வா தம் மகன் ஹிஷாமிடம் சொன்னார். இணைவைப்பில் இருந்த தம் உம்மா குதைலா மகளைத் தேடி மதீனாவுக்கு வந்ததையும், உறவைப் பேணலாமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டு அனுமதி பெற்றதையும் இதே வழியில்தான் அறிகிறோம். கஷ்டத்தையும் சங்கடத்தையும் பிள்ளைகளுக்கு மறைக்காத உம்மா அவர். உர்வா பின்னாளில் மதீனாவின் ஏழு பெரும் சட்ட அறிஞர்களில் ஒருவரானார். அவருடைய அறிவில் பெரும்பகுதி உம்மாவிடமும் சாச்சி ஆயிஷா (ரழி) அவர்களிடமும் கேட்டுப் பெற்றது.

ஹிஜ்ரி 73இல் ஹஜ்ஜாஜின் படை மக்காவை முற்றுகையிட்டிருந்தது. ஆதரவாளர்கள் கைவிட்ட நிலையில் அப்துல்லாஹ் உம்மாவிடம் வந்தார். அஸ்மாவுக்கு வயது நூறை நெருங்கியிருந்தது, பார்வையும் போயிருந்தது. சத்தியத்தில் இருப்பதாக நம்பினால் உறுதியாக நில் என்றே அவர் சொன்னார். தம் உடலைச் சிதைப்பார்கள் என்று மகன் அஞ்சியபோது, அறுத்த ஆட்டுக்குத் தோலுரிப்பது நோகாது என்ற கருத்தில் பதில் கூறினார். மகனை அணைத்தபோது கையில் இரும்புக் கவசம் தட்டுப்பட்டது. அதையும் கழற்றச் சொன்னார். மகன் கொல்லப்பட்டுச் சில நாட்களில் அவரும் வஃபாத்தானார். ஒரு தாய்க்கு இது எப்படி முடிந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

ஆயிஷா (ரழி) அவர்களிடமிருந்த நபி (ஸல்) அவர்களின் ஜுப்பா ஒன்று, தங்கையின் மறைவுக்குப் பின் அஸ்மாவிடம் வந்தது. அதைக் கழுவிய நீரை நோயாளிகளுக்குக் கொடுப்பார்.

ஸஹீஹுல் புகாரியில் சில ஹதீஸ்களின் அறிவிப்பாளர் வரிசை இப்படி வரும்: ஹிஷாம், பாத்திமா பின்த் முன்திர், அஸ்மா. மனனம் செய்யும்போது வெறும் பெயர்களாகத்தான் தெரியும். பாத்திமா, அஸ்மாவின் மகன் முன்திரின் மகள்; ஹிஷாமின் மனைவி. அதாவது, ஒரு பேரன் தன் மூத்தம்மா சொன்னதைத் தன் மனைவியிடம் கேட்டு உலகுக்குச் சொல்கிறார். பாத்திமா சொன்னவற்றில் ஒன்று மிகச் சிறியது. காய்ச்சல் கண்ட பெண்ணை யாராவது கொண்டுவந்தால், மூத்தம்மா துஆச் செய்து, தண்ணீரை எடுத்து அவளுடைய சட்டைக் கழுத்துக்குள் ஊற்றுவாராம்.