சேர் ஜோன் கொத்தலாவலை: கமம், படை, சட்டசபை

நமது மலரிலே சமயப் பெரியார்களின் சரிதங்களை வாசித்துப் பழகிய அன்பர்களுக்கு இக்கட்டுரையின் தலைப்புச் சிறிது வியப்பை அளிக்கலாம். சேர் ஜோன் கொத்தலாவலை நமது சமயத்தவருமல்லர். நமது மொழி பேசியவருமல்லர். தமிழ் மக்களின் அன்பைப் பெற்ற தலைவர் என்றுங் கூறுவதற்கில்லை. ஆயினும் மலைநாட்டுத் தமிழரின் பிரசாவுரிமைக் கதையை எடுத்துரைக்கப் புகும் எவரும் அவர் பெயரைச் சொல்லாமல் அப்பாற் செல்ல முடியாது. சங்கத்துப் பெரியோர்களிற் பலர் அவர் பிரதம மந்திரியாயிருந்த நாட்களை நினைவிற் கொண்டவர்கள். இளைஞர்களாகிய எங்களுக்கோ அவர் இரத்மலானையிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் மாத்திரமே. இவ்விரு சாராரையும் மனத்திற் கொண்டே இதனை எழுதுகின்றேன்.

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டிலே, ஓர் ஏப்பிரல் மாதம் 4ஆந் திகதி, ஜோன் லயனல் கொத்தலாவலை பிறந்தார். தந்தையார் பொலிஸ் சேவையிலிருந்தவர். தாயார் அலிஸ், காரீயச் சுரங்கங்களாற் பெருஞ்செல்வம் ஈட்டிய அத்திகல குடும்பத்தின் புதல்வி. தாயாரின் சகோதரியர் இருவரில் ஒருவர் எப். ஆர். சேனநாயக்கவையும், மற்றவர் ஜயவர்த்தன குடும்பத்தைச் சேர்ந்த ரீ. ஜீ. ஜயவர்த்தனவையும் மணந்தனர். இலங்கையின் பிற்கால அரசியலிற் பாதி இந்த மூன்று சகோதரிகளின் கலியாண வீடுகளிலேயே தீர்மானிக்கப்பட்டுவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். எப். ஆரின் தம்பியே டீ. எஸ். சேனநாயக்க.

ஆனால் ஜோனின் பாலப்பருவம் செல்வத்தில் மிதந்த பருவமன்று. தாயாரின் சகோதரர் கொலையுண்ட வழக்கிலே தந்தையார் சம்பந்தப்படுத்தப்பட்டு, 1907இல் விளக்கமறியலில் இருந்தபோதே தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். விதவையாகிய அலிஸ் அம்மையார் பிள்ளைகளையும் கடன்களையும் ஒருங்கே சுமந்து, காணிகளையும் காரீயச் சுரங்கங்களையும் தாமே மேற்பார்த்து, குடும்பத்தை மீண்டும் நிலைநிறுத்தினார். ஊராரின் வாய்க்கு அஞ்சாத குணத்தையும், எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடும் சுபாவத்தையும் மகன் பெற்றது இந்த வீட்டிலிருந்துதான் போலும்.

கொழும்பு றோயல் கல்லூரியிற் பயின்ற ஜோன், 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது வெள்ளையர் அரசாங்கம் இராணுவச் சட்டம் பிறப்பித்துச் சிங்களப் பிரமுகர்களைச் சிறையிலடைத்த காலத்திலே நாட்டை விட்டு நீங்கி ஐரோப்பா சென்றார். கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் அவர் எடுத்துக்கொண்ட பாடம் சட்டமன்று, இலக்கியமுமன்று, விவசாயம்! பணக்கார வீட்டுப் பிள்ளைகள் பாரிஸ்டர் பட்டத்துக்காகக் கப்பலேறிய அக்காலத்திலே இது கவனிக்கத்தக்கது. திரும்பி வந்து தென்னந்தோட்டங்களையும் சுரங்கங்களையும் நிருவகித்தார். வயலில் இறங்கி ஏர் பிடித்த ஏழைக் கமக்காரர் அவரல்லர், பெருந்தோட்ட முதலாளி. ஆனால் மண்ணையும் உரத்தையும் கன்றையும் அறிந்த முதலாளி. விடியுமுன் எழுந்து குதிரையேறித் தோட்டத்தைச் சுற்றிவரும் பழக்கத்தை அவர் நெடுங்காலம் கைவிடவில்லை. இரத்மலானையிலே கந்தவல என்னும் அவரது வளவிற் காலை வேளையில் விருந்தினருக்கு அப்பம் பரிமாறப்படுவது நாடறிந்த சங்கதி.

1922இல் இலங்கை இலகு காலாட்படையிலே இரண்டாம் லெப்டினன்டாகச் சேர்ந்தார். தொண்டர் படையாதலால் தோட்ட வேலையையும் படை வேலையையும் ஒருங்கே பார்க்க முடிந்தது. இரண்டாம் உலக மகாயுத்தம் மூண்டபோது அவர் மந்திரியாகவும் இருந்தார். லெப்டினன்ட் கேணலாக அப்படையின் கட்டளை அதிகாரியாகவும் இருந்தார். பின்னர் கேணலாக உயர்ந்தார். 1942 ஏப்பிரல் 5ஆந் திகதி கொழும்பிலும் 9ஆந் திகதி திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. அதற்கப்பால் எதிரி இங்கு கரையிறங்காமையால் அவருடைய சேவை தாயகத்தைக் காவல் செய்த சேவையாகவே அமைந்தது. போர்முனையில் வாள் சுழற்றியவர் என்று புனைந்துரைப்பது அவசியமில்லை. 1944இல் மவுன்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை நமது பேராதனைக்குக் கொண்டுவந்து, கண்டி வீதிகளெல்லாம் இராணுவ லொறிகளால் நிரம்பிய கதையைப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்போம். அந்த யுத்தகாலத்திலே தெருக்களுக்கும் ரெயில்வேக்கும் பொறுப்பாயிருந்த மந்திரி இவரே.

சர்வசன வாக்குரிமையின் கீழ் முதன்முதலாக நடந்த 1931ஆம் ஆண்டுத் தேர்தலிலே குருநாகல் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அன்று தொடங்கி 1947 முதல் தொடங்கஸ்லந்தைத் தொகுதியின் பாராளுமன்ற அங்கத்தவராக நீடித்து, 1960 வரை, ஏறத்தாழ 29 ஆண்டுகள் சட்டமியற்றும் சபைகளில் அமர்ந்தார். 1936இல் போக்குவரத்து, மராமத்து மந்திரியானார். அப்பதவியில் அவர் ஆற்றிய தொண்டுகளை எதிரிகளும் மறுத்ததில்லை. எஞ்சினியர் விமலசுரேந்திரவின் கனவாகத் தொடங்கி இடைநடுவே நின்றுபோன லக்ஸபான நீர்மின் திட்டம் 1950இல் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. 1947இல் ஏயர் சிலோன் விமான சேவை ஆரம்பமானது. 1948இல் சேர் பட்டம் கிடைத்தது.

இனி நமக்கு நெருங்கிய விஷயத்துக்கு வருவோம்.

1939இல் அரசாங்க திணைக்களங்களில் வேலை செய்த தினச்சம்பள இந்தியத் தொழிலாளரை நீக்குவதென மந்திரிகள் சபை தீர்மானித்தபோது அச்சபையில் இவரும் ஒருவர். அதனை ஒட்டியே பண்டித நேரு இங்கு வந்தார். இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்காங்கிரஸ் மலைநாட்டிலே ஏழு ஆசனங்களை வென்றது. நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம் வென்றதும் அத்தேர்தலிலேயே. மறு ஆண்டு, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அதனையடுத்து வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸின் ஆசனங்கள் ஒன்றுகூட எஞ்சவில்லை. வாக்காளரே இல்லாதபோது ஆசனம் ஏது? 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வாசிகள் சட்டத்தின் கீழ், விவாகமானோர் ஏழு ஆண்டும் விவாகமாகாதோர் பத்து ஆண்டும் தொடர்ந்து வசித்தமைக்கு அத்தாட்சி காட்டினாற் பதிவு பெறலாம் என்றிருந்தது. லயன் காம்பராவில் வாழ்ந்து, பிறப்பும் இறப்பும் தோட்டத்துரையின் செக்றோலில் மாத்திரமே எழுதப்பட்ட ஒரு தொழிலாளி எந்த அத்தாட்சியைத் தேடுவான்? ஆயினும் ஏறத்தாழ எட்டு இலட்சத்து இருபத்தையாயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன.

1952 மார்ச்சிலே டீ. எஸ். சேனநாயக்க காலிமுகத் திடலிற் குதிரையிலிருந்து வீழ்ந்து மரணமானார். அடுத்த பிரதமர் தாமே என்று எதிர்பார்த்திருந்த சேர் ஜோனை விடுத்து, மகாதேசாதிபதி சோல்பரிப் பிரபு டட்லி சேனநாயக்கவை அழைத்தார். அதன்பின் உலாவிய ஓர் அநாமதேயப் பத்திரம் இவருடைய கோபத்திலிருந்தே பிறந்ததெனப் பலரும் நம்பினர். ஆனால் டட்லியின் ஆட்சி நீடிக்கவில்லை. 25 சதமாயிருந்த கூப்பன் அரிசி 70 சதமாக ஏற்றப்பட, 1953 ஆகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தால் வெடித்தது, உயிர்கள் பலியாயின, டட்லி விலகினார். 1953 ஒக்டோபர் 12ஆந் திகதி சேர் ஜோன் பிரதம மந்திரியானார். அவருடைய மந்திரிசபையில் ஜீ. ஜீ. பொன்னம்பலத்துக்கு இடமில்லை. ஆனால் சு. நடேசனும் சேர் கந்தையா வைத்தியநாதனும் இடம்பெற்றனர். பாடல் பெற்ற தலமாகிய திருக்கேதீச்சரத்தின் திருப்பணிக்குத் தம்மை அர்ப்பணித்த அதே வைத்தியநாதன்தான்.

பதவியேற்று மூன்று மாதங்கள் கழிந்ததும், 1954 சனவரி 18ஆந் திகதி, புதுதில்லியிலே நேருவுடன் ஓர் உடன்படிக்கை செய்தார். கள்ளக் குடியேற்றத்தைத் தடுப்பது, விண்ணப்பங்களை விரைவில் முடிப்பது, பிரசைகளாகப் பதிவுபெறும் இந்திய வம்சாவளியினரைப் பத்தாண்டுகளுக்குத் தனி வாக்காளர் இடாப்பில் வைப்பது, எஞ்சியோரை இந்தியப் பிரசைகளாகப் பதிந்துகொள்ள ஊக்குவிப்பது ஆகியன அதன் சாரம். காகிதத்தில் நியாயமாகத் தோன்றியது. ஆனால் நிராகரிக்கப்பட்டவர் யாருடைய பிரசை என்னும் கேள்விக்கு இரு தலைநகரங்களும் இரு விடை கூறின. இந்தியா தானாக அவர்களை ஏற்காது என்றது. இலங்கை அவர்கள் தன்னவர் அல்லர் என்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் மறுபடியும் பேசினார்கள், முடிச்சு அவிழவில்லை. விண்ணப்பித்தோரில் இறுதியாக ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ ஒரு இலட்சத்து முப்பத்து நாலாயிரம் பேரே. மிகுந்தோர் தாங்கள் பிறந்த மண்ணிலேயே நாடற்றவராயினர்.

இதற்குச் சேர் ஜோன் ஒருவரையே பழி சொல்லுதல் முறையன்று. சட்டத்தை இயற்றியது அவருக்கு முன்னிருந்த ஆட்சி. அதனைப் பின்வந்த எவரும் அவசரப்பட்டு நீக்கவுமில்லை. ஆனால் நேருவின் எதிரே அமர்ந்து கையெழுத்திட்ட அன்று, மனம் வைத்திருந்தால் வேறு முடிவை எழுதக்கூடிய அதிகாரம் அவர் கையிலிருந்தது என்பதையும் மறைக்கலாகாது.

உலக அரங்கிலே அவர் பெயர் பெற்றதும் அதே ஆண்டிற்றான். இந்தோசீனப் போரை நிறுத்தும் வழி காணும்படி இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் பிரதமர்களைக் கொழும்புக்கு அழைத்தார். 1954 ஏப்பிரல் இறுதியிற் கொழும்பிலே தொடங்கிய மகாநாடு கண்டி மலையடிவாரத்திலே நிறைவெய்தியது. நேருவும் ஊ நூவும் நமது நகரில் ஒருங்கே இருந்த அந்நாட்களை நினைக்கும்போது, சில மைல்களுக்கப்பால் தேயிலை மலைகளில் வாழ்ந்த நாடற்ற மக்கள் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. அந்த மகாநாட்டிலேயே 1955ஆம் ஆண்டுப் பாண்டுங் மகாநாட்டுக்கு வித்து விழுந்தது. பாண்டுங்கிலே சேர் ஜோன், மேனாட்டார் ஏகாதிபத்தியத்தைக் கண்டிப்போர் கிழக்கு ஐரோப்பாவில் ருசியா நடத்தும் ஏகாதிபத்தியத்தையும் கண்டிக்க வேண்டுமென்று பேசி, நேருவையும் சூ என்லாயையும் சினங்கொள்ளச் செய்தார். அந்த ஆண்டு டிசம்பரில் இலங்கைக்கு ஐக்கிய நாடுகள் சபையில் இடங்கிடைத்தது.

அவரைத் தமிழர் மறக்க முடியாத இரண்டாவது காரணம் மொழிப் பிரச்சினை. 1954இல் யாழ்ப்பாணத்துக்கு விஜயஞ் செய்தபோது, கொக்குவில் இந்துக் கல்லூரி வரவேற்பிலே, அதிபர் ஹண்டி பேரின்பநாயகம் சிங்களத்துக்கும் தமிழுக்கும் அரசியலமைப்பிலே சம அந்தஸ்து வேண்டுமென்று விண்ணப்பித்தார். சேர் ஜோன் தயங்கவில்லை. அவ்வாறே திருத்தம் செய்வதாக அந்த மேடையிலேயே வாக்களித்துவிட்டார். மந்திரிசபையைக் கேட்கவில்லை, கட்சியைக் கேட்கவில்லை. படை அதிகாரி உத்தரவிடும் பாணி அது. வடக்கிலே மகிழ்ச்சி, தெற்கிலே கொந்தளிப்பு. சிங்களப் பத்திரிகைகளும் பிக்குமாரும் எதிர்த்தெழுந்தனர். பண்டாரநாயக்கவின் கட்சி 1955 டிசம்பரில் சிங்களம் மாத்திரம் என்று தீர்மானித்தது. பிரதமர் கொடுத்த வாக்கை விளக்கினார், பின் மழுப்பினார். ஈற்றில் 1956 பெப்ரவரியிலே களனியிற் கூடிய ஐக்கிய தேசியக் கட்சி மகாநாட்டில் அவர் தலைமையிலேயே சிங்களம் மாத்திரம் என்ற தீர்மானம் நிறைவேறிற்று. கட்சியிலிருந்த தமிழர் வெளியேறினர்.

கொக்குவிலில் அவர் பேசியது வஞ்சனையாற் பேசியதென நான் கருதவில்லை. மனத்திற் பட்டதைச் சொல்லிவிடும் மனிதர்; அதற்கு எவ்வளவு விலை கொடுக்க நேரும் என்று எண்ணிப் பார்க்காத மனிதர். விலை கேட்கப்பட்டபோது கொடுக்க மறுத்தார் என்பதே குற்றம். சம அந்தஸ்துடன் நின்று தோற்றிருப்பாராயின் தமிழர் சரித்திரத்தில் அவருக்கு வேறோர் இடம் இருந்திருக்கும். வாக்கை மாற்றியும் அவர் தோற்றே போனார்.

ஓராண்டு முந்தியே பாராளுமன்றத்தைக் கலைத்து, புத்த ஜயந்தி ஆண்டிலே தேர்தல் வைத்ததும் அவருக்கு வினையாயிற்று. 1956 ஏப்பிரலில் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை எட்டே ஆசனங்கள். பண்டாரநாயக்கவின் மக்கள் ஐக்கிய முன்னணிக்கு 51. தொடங்கஸ்லந்தை மாத்திரம் தன் பழைய அங்கத்தவரைக் கைவிடவில்லை. அவ்வாண்டே தம் சுயசரிதையை ஆங்கிலத்தில் இலண்டனிலிருந்து வெளியிட்டார். 1960இல் தேர்தற் களத்தை விட்டு ஒதுங்கினார். நமது அக்குறணைத் தொகுதியிலிருந்து பிற்கால வெளிநாட்டமைச்சர் ஏ. சீ. எஸ். ஹமீத் முதன்முதலாகப் பாராளுமன்றம் புகுந்ததும் அதே 1960இல், அதே கட்சியின் சார்பில் என்பது ஒரு சுவையான பொருத்தம்.

அதன்பின் இங்கிலாந்திலே கெண்ட் பகுதியில் ஒரு பண்ணையை வாங்கி நெடுநாள் அங்கு வாழ்ந்தார். கேம்பிரிட்ஜில் விவசாயம் கற்ற இளைஞர், கிழப்பருவத்திலே ஆங்கில மண்ணிற் கமக்காரரானார்! கடைசிக் காலத்தில் தாயகந் திரும்பி, நாற்பதுக்கு மேற்பட்ட ஏக்கர் பரப்புள்ள கந்தவல வளவை முப்படை அதிகாரிகளைப் பயிற்றும் கலாசாலைக்கென நாட்டுக்கு வழங்கினார். அதுவே அவர் பெயர் தாங்கிய பாதுகாப்புப் பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ளது. 1980 ஒக்டோபர் 2ஆந் திகதி காலமானார்.

அவருக்கும் நேருவுக்கும் அவிழாத முடிச்சை 1964இல் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியும் வேறு வகையில் அவிழ்க்க முயன்று, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டனர். எத்தனையோ குடும்பங்கள் தலைமன்னாரிற் கப்பலேறியபோது சகோதரர் பிரிந்தனர். எஞ்சியிருந்த நாடற்றோருக்கு விசாரணையின்றிப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 2003இல். சேர் ஜோன் தில்லியிற் கையெழுத்திட்டு நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.